யூசுப்பின் இடது கை

எக்ஸ்ரே பிரிவில் இப்போது வேலை பார்க்கிற பிள்ளைகள் ஒரு வாட்ஸப் குழு வைத்திருக்கிறார்கள். ஓய்வு பெற்ற பிறகும் என்னை அதிலிருந்து நீக்கவில்லை. மரியாதையா மறதியா, தெரியாது. போன மாதம் சுகன்யா என்ற புது டெக்னீஷியன் அதில் ஒரு செய்தி போட்டிருந்தாள். வயது சரிபார்க்க வந்த கபடிப் பையன் ஒருவனின் அப்பா அவளிடம் சத்தம் போட்டுவிட்டுப் போனாராம். "சார், உங்க ஹாக்கி கேஸைப் பத்தி ஆளாளுக்கு ஒரு மாதிரி சொல்றாங்க. நீங்களே எழுதிப் போடுங்களேன்" என்று கேட்டிருந்தாள். குழுவில் எழுதினால் நடுவில் யாராவது காலை வணக்கம் என்று ரோஜாப்பூ போடுவார்கள். அதனால் தனியாக உட்கார்ந்து எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் திருவையாற்றுக்குப் பக்கம். அண்ணன் வயலைப் பார்த்துக்கொண்டார், நான் படிக்க வந்தேன். படிப்பு, பயிற்சி, முதல் வேலைக்கு அலைந்தது எல்லாம் எல்லாருக்கும் நடந்ததுதான். அதைச் சொல்லி உங்கள் நேரத்தைத் தின்ன மாட்டேன். முப்பத்து நாலு வருடம் எக்ஸ்ரே அறையில் நின்றேன். அதில் பெரும்பகுதி தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரே அரசு மருத்துவமனையில், டாக்டர் கமலவேணியின் கீழ்.

டாக்டரைப் பற்றிச் சொல்லாமல் யூசுப்பைப் பற்றிச் சொல்ல முடியாது. அவர் படம் பார்க்கும் விதமே தனி. பழைய காலண்டர் அட்டையில் வெட்டிய ஒரு பட்டை எப்போதும் அவர் மேஜையில் இருக்கும். படத்தை வெளிச்சப் பெட்டியில் செருகியதும் பெயரும் வயதும் இருக்கிற மூலையை அந்த அட்டையால் மறைப்பார். பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பார். பார்த்ததை வாய்விட்டுச் சொல்வார். நான் குறித்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகுதான் அட்டையை எடுப்பார். பின்னாளில் கம்ப்யூட்டர் திரை வந்தபோதும் அந்த அட்டையை விடவில்லை. திரையின் மேல் மூலையில் செலோடேப் போட்டு ஒட்டிவைத்திருந்தார். கம்பெனியிலிருந்து மெஷினைப் பழுதுபார்க்க வந்தவன் அதைக் குப்பை என்று பிய்த்தெறிந்து வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

அவர் என்னை ஒருமுறைகூடத் திட்டியதில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று நினைக்க வைத்திருக்கிறார். நான் சேர்ந்த இரண்டாம் வருடம், சம்பா நடவு நேரம். ஒரே நாளில் இரண்டு செல்விகள் மணிக்கட்டு வலி என்று வந்தார்கள். இருவரும் நடவு வேலைக்குப் போகிறவர்கள், இருவரும் வரப்பில் வழுக்கி விழுந்தவர்கள். நான் படம் போடும் உறையை மாற்றிவிட்டேன். சுளுக்கு மட்டுமே இருந்த செல்விக்கு மாவுக்கட்டு போட்டார்கள். எலும்பு விரிசல் விட்டிருந்த செல்விக்கு மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். அந்தம்மா அந்தக் கையோடு மூன்று நாள் நாற்று நட்டிருக்கிறார்.

நாலாம் நாள் வீங்கிய கையோடு அவர் வந்து நின்றபோதுதான் விஷயம் தெரிந்தது. டாக்டர் என்னைக் கூப்பிட்டு அந்தக் கையைப் பிடித்துப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். சுட்டது. செல்வி வலியில் முனகிக்கொண்டே, "பரவால்ல விடுங்க சார், நீங்க என்ன வேணும்னா செஞ்சீங்க" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் போன பிறகு டாக்டர் மெதுவாகச் சொன்னார். "பேர் ஒரு அடையாளமே இல்ல ராஜேந்திரன். பேரை யாரு வேணா வச்சுக்கலாம். இனிமே பேரோட நிறுத்தாதீங்க. அப்பா பேரைக் கேளுங்க, ஊரைக் கேளுங்க, உடம்புக்கு என்ன ஆச்சுன்னு அவங்க வாயாலயே சொல்லச் சொல்லுங்க."

அன்றிலிருந்து கேட்டேன். கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று நானாக ஒரு கேள்வியும் சேர்த்துக்கொண்டேன். எக்ஸ்ரே எடுக்க வந்தவனிடம் கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவன் மாதிரி விசாரிக்கிறான் என்று வார்டு பாய்கள் கிண்டல் செய்வார்கள்.

வயது சரிபார்க்க வருகிறவர்களுக்கு இந்தக் கேள்விகள் ரொம்பவே தேவை. விளையாட்டுப் போட்டிகளுக்குத் தேர்வாகும் பிள்ளைகளை அனுப்பி வைப்பார்கள். இடது கையை விரித்து வைத்து ஒரு படம். மணிக்கட்டிலும் விரல்களிலும் எலும்பின் நுனிக்கு அருகே ஒரு கறுப்புக் கோடு தெரியும். கோடு தெளிவாக இருந்தால் பிள்ளை இன்னும் வளர்கிறான். வயது ஏற ஏற அது மூடிக்கொண்டே வரும். வருகிறவர்களில் வில்லங்கமானவர்கள் எல்லாரும் ஒரே ரகம்தான். காகிதத்தில் வயது குறைவாக இருக்கும், எலும்பில் கூடுதலாக இருக்கும். பதினாறு வயது என்று சொல்லிக்கொண்டு அன்று காலைதான் மீசையை மழித்துவிட்டு, மேலுதடு மட்டும் வெளுத்துப்போய் வந்து நிற்பான். சிலர் தம்பியை அனுப்பி அண்ணனுக்குப் படம் எடுக்கப் பார்ப்பார்கள். அதற்காகத்தான் போட்டோ, கைரேகை, இரண்டு மச்சம் எல்லாம் பதிவு செய்வது.

யூசுப் வந்தது நான் ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தபோது, ஒரு பங்குனி மாதம். ஒரத்தநாட்டுக்குத் தெற்கே ஒரு சின்ன ஊர். அப்பாவுக்கு, அவர்கள் பேச்சில் அத்தாவுக்கு, சவுதியில் ஒரு கடையில் வேலை. பையனும் அம்மா சபுரா பேகமும் காலையிலேயே வந்து வராந்தாவில் காத்திருந்தார்கள். பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முந்தைய நாள்தான் முடிந்திருந்தது. வடக்கே ஒரு தொழில்முறை ஹாக்கி அணி பத்தொன்பது வயதுக்குக் கீழ் உள்ளவர்களை ஒப்பந்தத்தில் எடுத்து, தங்க வைத்துப் பயிற்சி கொடுக்கிறது. சென்னையில் நடந்த தேர்வில் இவனைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். மருத்துவச் சான்றும் வயதுச் சான்றும் கொடுத்தால் கையெழுத்து போட வேண்டியதுதான் பாக்கி.

அவன் பெஞ்சில் உட்காரவில்லை. சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலி இல்லாமலே நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி நின்றுகொண்டிருந்தான்.

"ஏம்ப்பா, பெஞ்சு காலியாத்தானே இருக்கு?"

"தொடைக்குப் பயிற்சி சார். பி.டி. சார் நூறு எண்ணச் சொல்லியிருக்காங்க. அறுவத்தி மூணு ஆயிருச்சு."

சபுரா பேகம் அவித்த முட்டைகளை உரித்துக்கொண்டிருந்தார். வெள்ளையை அவன் சாப்பிட, மஞ்சளை அவர் சாப்பிட்டார். அணியில் அப்படித்தான் சாப்பிடச் சொல்லியிருந்தார்களாம். "ரெண்டு மாசமா மஞ்சக்கரு தின்னு தின்னு எனக்கு வெறுத்துப்போச்சு சார்" என்று சிரித்தார். ஊர் அரிசி ஆலையின் பின்சுவரில் இவன் தினமும் பந்தை அடித்து அடித்து ஓர் இடத்தில் காரை பெயர்ந்துவிட்டதாம். ஆலைக்காரர் சண்டைக்கு வந்து, இவன் தேர்வான சேதி கேட்டதும் அந்த இடத்தைப் பூச வேண்டாம் என்று விட்டுவிட்டாராம். அறுவடை முடிந்த வயல்தான் அவனுக்கு மைதானம். அறுத்த நெல்லின் தாள் முளைத்துக் கிடக்கிற தரையில் பந்து எந்தப் பக்கம் துள்ளும் என்று யாருக்கும் தெரியாது. அதில் தடுத்துப் பழகியவன் என்பதால் சென்னையில் வழுவழுவென்ற செயற்கைத் தரையில் ஒரு பந்தும் அவனைத் தாண்டிப் போகவில்லை. இதெல்லாம் அவர் சொன்னதுதான். பெருமையில் கொஞ்சம் கூட்டியும் சொல்லியிருக்கலாம்.

உள்ளே கூப்பிட்டேன். இடது கையை வைக்கச் சொன்னபோது தயங்கினான்.

"வலது கைய எடுக்கக் கூடாதா சார்? இது கொஞ்சம் அசிங்கமா இருக்கும்."

"எதுக்கு?"

"சுண்டுவிரல் முட்டி உள்ள போயிருக்கு சார். ரெண்டு வருஷத்துக்கு முந்தி பந்து தாள்ல பட்டு எகிறி அடிச்சிருச்சு. நாட்டு வைத்தியர்ட்ட கட்டு போட்டோம்."

"கல்யாணப் பத்திரிகையிலயா போடப்போறாங்க? வை."

வழக்கமான கேள்விகளைக் கேட்டேன். அத்தா பேர், ஊர், தெரு. "கூடப் பொறந்தவங்க எத்தனை பேரு?"

"யாரும் இல்ல சார். நான் ஒருத்தன்தான்."

கதவருகே நின்ற சபுரா பேகம் அந்த நேரம் குனிந்து முட்டை ஓட்டுப் பையை முடிச்சுப் போட்டார். ஏற்கெனவே முடிச்சுப் போட்ட பைதான் அது. அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, பின்னால்தான் நினைவுக்கு வந்தது.

டாக்டர் மூலையில் அட்டையை ஒட்டிக்கொண்டு படத்தைப் பார்த்தார். "பதினாறு. பதினாறரை சொல்லலாம். சுண்டுவிரல் எலும்புல பழைய முறிவு, வளைஞ்சு சேர்ந்திருக்கு. எழுதுங்க." எழுதினேன். அட்டையை எடுத்தார். பிறப்புச் சான்றிதழின்படி பதினெட்டு வருடம் இரண்டு மாதம்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இத்தனை வருடத்தில் எலும்பு இளையதாகவும் காகிதம் மூத்ததாகவும் இருக்கிற விளையாட்டுக்காரனை நான் பார்த்ததில்லை. "இருக்கலாம். சில பிள்ளைங்க மெதுவா வளரும்" என்று சொல்லிவிட்டு, அதையும் அறிக்கையில் எழுதினார்.

நான்காம் நாள் கண்காணிப்பாளர் என்னைக் கூப்பிட்டார். அணிக்காகச் சென்னையில் ஆவணங்களைப் பார்க்கிற ஒருவர் போன் செய்திருந்தார். பையன் உண்மையில் இருபதைத் தாண்டியவனாக இருக்க வேண்டும், மாட்டிக்கொள்வோம் என்று பயந்து யாரோ சின்னப் பையனின் கையை வைத்துப் படம் எடுத்திருக்கிறார்கள், கை வைக்க வந்தவனை அளவுக்கு மீறிச் சின்னவனாகப் பிடித்துவிட்டதில் குட்டு வெளிப்பட்டுவிட்டது, இதற்கு எக்ஸ்ரே அறையில் இருக்கிற ஆள் உடந்தை. இதுதான் அவர் சொன்னது. உடந்தை என்றால் நான்தான், வேறு யார்? கண்காணிப்பாளர் எழுத்துப்பூர்வமாக விளக்கம் கேட்டார். முப்பத்து மூன்று வருடம் தாண்டி, ஓய்வூதியக் காகிதங்கள் மேஜை மேஜையாகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில்.

எனக்கு வந்த கோபத்தில் விளக்கத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். டாக்டர் அதை வாங்கிப் படித்துவிட்டு, "இதுல கோவம்தான் இருக்கு, விளக்கம் இல்ல" என்றார். "அந்தப் பையன் கையைப் பத்தி உங்ககிட்ட என்ன சொன்னான்?"

அப்போதுதான் பொறி தட்டியது. சுண்டுவிரல்!

அந்த ஆவணக்காரரையே நேரில் வரச் சொன்னோம். வந்தார். அவர் முன்னாலேயே யூசுப்பின் இடது கையை மறுபடி படம் எடுத்தேன். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். அதே வளைந்த எலும்பு, அதே கறுப்புக் கோடு. டாக்டர் அவனை முஷ்டி மடக்கச் சொன்னார். சுண்டுவிரல் முட்டி இருக்க வேண்டிய இடத்தில் பள்ளம். சென்னைத் தேர்வின் வீடியோவை ஆவணக்காரர் தன் போனில் ஓட்டிப் பார்த்தார். கோல் விழுந்ததும் யூசுப் இடது முஷ்டியைத் தூக்கிக் காட்டுகிறான், அதிலும் அந்தப் பள்ளம் தெரிந்தது.

அவர் நேர்மையான மனிதர்தான். எழுந்து என்னிடம் மன்னிப்புக் கேட்டார். ஆனால் அடுத்துச் சொன்னது இடி மாதிரி விழுந்தது. "ஆள் இவன்தான். அப்ப சர்ட்டிபிகேட்ல ஏதோ கோளாறு இருக்கு. இத்தனை வித்தியாசத்தோட ஃபைலை நான் மேல அனுப்ப முடியாதுங்க. பத்து நாள் டைம். சரியான பேப்பர் கொண்டு வாங்க. இல்லன்னா இந்த வருஷம் இவன் இடம் அடுத்தவனுக்குப் போயிரும்."

யூசுப் சுவரோரம் நின்றிருந்தான். அன்று அவன் தொடைப் பயிற்சி செய்யவில்லை.

இரண்டு நாள் கழித்து சபுரா பேகம் தனியாக வந்தார். மதியச் சாப்பாட்டு நேரம், அறையில் நான் மட்டும். கதவை ஒட்டி நின்றுகொண்டு குரலைத் தாழ்த்திப் பேசினார். "சார், கோவிச்சுக்காதீங்க. எங்க தெருவுல பதினெட்டு முடிஞ்ச பையன் ஒருத்தன் இருக்கான். அவனைக் கூட்டியாரேன். அவன் கைய வச்சு ஒரு படம் எடுத்துக் குடுத்துருங்க. எங்களுக்குப் பேப்பரும் படமும் ஒத்துப்போனா போதும்."

என்ன சொல்ல! எதைச் செய்தேன் என்று பழி சுமந்தேனோ, அதையே செய்யச் சொல்லி வந்து நிற்கிறார். நான் கத்திவிட்டேன். "இதுக்காம்மா நான் உங்க பையனுக்காக மல்லுக்கட்டினேன்? பொய் சர்ட்டிபிகேட் வாங்கிட்டு, இப்ப அதுக்கு ஏத்த மாதிரி ஆளையும் தூக்கிட்டு வர்றீங்களா?"

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "சர்ட்டிபிகேட் பொய்யில்ல சார். அதுல இருக்கறது எம்புள்ளதான்."

பிறகு சொன்னார். முதல் பிள்ளை பிறந்தது பொங்கல் முடிந்த மறுவாரம். அப்போது அவர்கள் இருந்தது கடற்கரைப் பக்கம் வேறோர் ஊர். மாமனார் பெயரான யூசுப்பையே வைத்தார்கள். பிறப்புச் சான்றிதழும் பெயரோடு வாங்கினார்கள். பத்தாம் மாதம், ஐப்பசி மழை. பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்தது. ரோட்டில் இடுப்பளவு தண்ணீர். "டிராக்டர்ல வச்சு கொண்டுட்டுப் போனோம் சார். பாதி வழியில மூச்சு நின்னு மவுத்தாயிட்டான்."

சேதி கேட்டு ஓடிவந்த அவர் கணவர் விடுப்பில் கொஞ்ச நாள் இருந்துவிட்டுத் திரும்பினார். அடுத்த ஆடிப்பெருக்கன்று மறுபடி ஆண் குழந்தை. குடும்பத்து வழக்கப்படி பாட்டனார் பெயர் விட்டுப்போகக் கூடாது, அதே பெயரை இவனுக்கும் வைத்தார்கள். கையோடு வீட்டையும் மாற்றி இந்த ஊருக்கு வந்துவிட்டார்கள். மூத்தவனைப் பற்றிப் பிள்ளையிடம் யாரும் வாய் திறக்கக் கூடாது என்று மாமியார் சொல்லிவிட்டார். இரண்டாவது பிள்ளை பிறந்த ஆஸ்பத்திரியிலிருந்து சான்றிதழ் வாங்கப் போகவே இல்லை. பள்ளிக்கூடத்தில் கேட்டபோது பெட்டியில் ஒன்று இருந்தது. அதே பெயர், அதே அத்தா, அதே அம்மா. எடுத்துக் கொடுத்துவிட்டார்.

"ஏமாத்தணும்னு செய்யல சார். பேரு ஒண்ணுதானேன்னு இருந்துட்டேன். அவனுக்கு மவுத்துன்னு ஆபீஸ்ல போயி எழுதிக் குடுக்கவும் எனக்கு மனசு வரல. இந்தத் தாளாவது புழங்கிட்டு இருக்கட்டுமேன்னு..."

சற்று முன் கத்திய நானே ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்துவிட்டு டாக்டரை அழைத்துவந்தேன்.

டாக்டர் எல்லாவற்றையும் கேட்டார். என்னைத் திரும்பிப் பார்த்து, "ரெண்டு செல்வி ராஜேந்திரன்" என்று மட்டும் சொன்னார். பிறகு சபுரா பேகத்திடம் வழி சொன்னார். ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளை என்றால் பிறப்பு கட்டாயம் பதிவாகியிருக்கும். பெயர் இல்லாமல், ஆண் குழந்தை என்று மட்டும் இருக்கும். அதைத் தேடி எடுத்துப் பெயர் சேர்க்க வேண்டும். மூத்தவனின் இறப்பையும் பதிய வேண்டும். அடக்கம் செய்த பள்ளிவாசலின் ஜமாஅத் பதிவேட்டில் தேதி இருக்கும், அதை வைத்துக் கோட்டாட்சியரிடம் உத்தரவு வாங்கலாம்.

"பத்து நாள்ல முடியுமா?"

"முடியாதும்மா. மாசக்கணக்கு ஆகும்."

"அவனுக்குத் தெரியாம செய்யலாமா?"

டாக்டர் தலையசைத்தார். "அவனோட வயசும்மா அது. அவன்கிட்டயே எப்படி மறைப்பீங்க?"

மறுநாள் சபுரா பேகம் மகனை அழைத்து வந்தார். வீட்டில் வைத்துச் சொல்லத் தைரியம் வரவில்லையாம். "நீங்க சொல்லிடுங்க சார்" என்று என்னிடம் கெஞ்சினார். மாட்டேன் என்றேன். மனிதனைப் பார்க்காமல் எலும்பை மட்டும் பார்த்தே காலம் தள்ளியவன் நான், எனக்கு அந்தத் தைரியம் இல்லை. "கூட இருக்கேம்மா" என்று மட்டும் சொன்னேன். அதை நினைத்தால் இன்றைக்கும் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

திரையில் அவன் கைப் படம் இருந்தது. அம்மா அதைக் காட்டி, "அந்தக் கறுப்புக் கோடு என்னன்னு அவனுக்குச் சொல்லுங்க சார்" என்றார். சொன்னேன்.

"அப்ப நான் இன்னும் வளருவேனா சார்?" அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். உயரம் போதாது என்று தேர்வில் யாரோ சொல்லியிருந்தார்களாம்.

"வளருவ."

"உனக்குப் பதினெட்டு ஆகலடா" என்றார் அம்மா. "பதினாறுதான். நீ பொறந்தது ஆடிப்பெருக்கன்னைக்கு. பள்ளிக்கூடத்துல குடுத்த தேதி உன்னுது இல்ல. உனக்கு முன்னால ஒருத்தன் இருந்தான்."

முழுவதையும் சொல்லி முடிக்கிறவரை அவன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"வருஷா வருஷம் கிளாஸ்ல சாக்லேட் குடுத்தேனே, அது?"

"அவனுக்குத்தான்."

"டீச்சருக்கு ரெண்டு குடுக்கணும்னு சொல்லி அனுப்புவியேம்மா."

"ஆமாடா."

அவன் எழுந்து வெளியே போனான். சபுரா பேகம் பின்னால் போகப் பார்த்தார், நான் தடுத்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் தண்ணீர்த் தொட்டியருகே முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தான். திரும்பி வந்தபோது சட்டையெல்லாம் ஈரம்.

"எங்க அடக்கம் பண்ணியிருக்கு?" என்று கேட்டான். அம்மா ஊர் பெயரைச் சொன்னார். "நாளைக்குப் போலாம்மா" என்றான். பிறகு என் பக்கம் திரும்பி, "பேரை மாத்தச் சொல்லுவாங்களா சார்?" என்றான். தேவையில்லை என்றேன். மூச்சு விட்டான்.

பத்து நாள் கெடு முடிந்தது. அவன் இடம் அடுத்த பையனுக்குப் போனது. செய்தி சொல்ல நான்தான் போன் செய்தேன். தேறுதல் சொல்ல வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தேன். எதிர்முனையில் டொக் டொக் என்று பந்து சுவரில் மோதும் சத்தம். "விடுங்க சார். எனக்குத்தான் ஒன்றரை வருஷம் சும்மா கெடைச்சிருக்கே" என்றான். குரல் உடைந்துதான் இருந்தது. ஆனாலும் சொன்னான்.

காகித வேலைக்கு ஒரு வருடம் ஆயிற்று. கடற்கரை ஊரின் பதிவேட்டில் அந்த ஆடிப்பெருக்கு நாளில், பெயருக்கான கட்டம் காலியாக, ஒரு வரி பதினேழு வருடமாகக் காத்துக்கிடந்தது. அதில் யூசுப் என்று எழுதினார்கள். மூத்தவனின் இறப்பும் பதிவாயிற்று. அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடும்போது அம்மாவின் முழங்கையை மகன் பிடித்துக்கொண்டிருந்தானாம். அதற்குள் நான் ஓய்வு பெற்றுவிட்டேன், டாக்டரும்தான். போகும்போது அந்தக் காலண்டர் அட்டையை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த வருடத் தேர்வில் மறுபடி முதலிலிருந்து ஓடி, அதே அணியில் அவன் இடம் பிடித்தான். இந்த முறை காகிதமும் எலும்பும் ஒரே வயதைச் சொன்னதாகக் கேள்வி. படம் எடுத்தது வேறு யாரோ.

சுகன்யா, நீ கேட்டதற்குப் பதில் இவ்வளவுதான். மிரட்டுகிறவனிடம் பயப்படாதே. கெஞ்சுகிறவர்களிடம் என்னைப் போலக் கத்தாதே. எதற்காகக் கெஞ்சுகிறார்கள் என்று ஒருமுறை கேள்.

இந்தத் தை மாதம், பொங்கல் கழிந்த மறுவாரம் யூசுப் என் வீட்டுக்கு வந்தான். அணியின் பெயர் போட்ட சட்டை. வாசற்படியில் குனிந்து நுழைகிற அளவுக்கு வளர்ந்திருந்தான், அந்தக் கறுப்புக் கோடு வாக்குத் தவறவில்லை. கையில் ஒரு சாக்லேட் டப்பா.

"இன்னைக்கு என்னடா விசேஷம்? உன் பொறந்த நாள் ஆடியிலல்ல?"

"எனக்கு இல்ல சார். அண்ணனுக்கு. இருபத்தொண்ணு ஆகுது."

டப்பாவை நீட்டினான். இடது கை, பள்ளம் விழுந்த அதே முட்டி. நான் ஒன்று எடுத்துக்கொண்டேன். அவன் டப்பாவை மூடவில்லை.

"ரெண்டு எடுத்துக்கங்க சார்" என்றான்.